வடக்கால பக்கம்

மணிமாறனின் பட்டறையில் ரத்தம் சிந்தியது ஒரு வெள்ளிக்கிழமை. ஆனால் அதற்கான காரணம் வியாழக்கிழமை மத்தியானமே நடந்துவிட்டது. அது கெட்ட காரியம்கூட இல்லை. அடுத்தவர் பொருள் வெயிலில் காயக் கூடாது என்று ஒரு பெண் நினைத்தாள். அவ்வளவுதான்.

பட்டறை நாமக்கல்லிலிருந்து மோகனூர் போகும் ரோட்டில் இருக்கிறது. லாரிக்குப் பாடி கட்டும் கொட்டகைகள் வரிசையாக வந்து கடைசியில் ஒரு கரும்பு ஜூஸ் வண்டியோடு முடியும். அதற்கு முந்தினது மணிமாறனுடையது. தகரக் கூரை, மேற்கே பார்த்த வாசல். முன்பாதியில் அவன் டிங்கரிங் வேலை பார்ப்பான். பின்பாதியில் அவன் மனைவி சௌமியா தையல் மிஷின் போட்டு லாரி சீட்டுகளுக்கு ரெக்ஸின் உறை தைப்பாள். மிஷினுக்கு மேலே ஆஞ்சநேயர் படம். காலையில் அதற்குப் பூ வைக்காமல் இரண்டு பேரும் வேலையைத் தொடமாட்டார்கள்.

வியாழக்கிழமை ஒரு மணிக்கு அந்த மஞ்சள் கார் வந்தது. தரையோடு ஒட்டின கார். ரிவர்ஸில் உள்ளே வந்து, ரோட்டைப் பார்த்து மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது. இறங்கினவன் கவின். எருமப்பட்டிப் பக்கம் நாலைந்து போர்வெல் வண்டி வைத்திருக்கும் நவநீதகிருஷ்ணனின் மகன். இருபத்தைந்து வயது இருக்கும்.

"மணிண்ணன் இல்லீங்களாக்கா?"

"மோகனூர் போயிருக்காருங்க தம்பி. கரும்பு டிரெய்லருக்கு அடித்தட்டு உட்டுப்போச்சாம். பொழுதுசாயத்தான் வருவாரு. நீங்க வண்டிய உட்டுட்டுப் போங்க, காலைல பண்ணிப்போடுவாரு."

"ஞாயித்துக்கெழமை கோயமுத்தூர்ல ட்ராக்குல ஓட்டோணுங்க்கா. போன மாசம் நாலு சுத்துக்கே கொதிச்சு நின்னுபோச்சு. எல்லாப் பசங்களும் போன்ல படம் புடிச்சுப் போட்டுச் சிரிச்சானுங்க. இன்னொருக்கா நின்னுச்சுன்னா வண்டிய வித்துருவேன்னு எங்கய்யன் சொல்லிப்போட்டாரு."

அவன் ஒரு அட்டைப் பெட்டியைத் திறந்து காட்டினான். உள்ளே கறுப்பு கார்பனில் ஒரு வென்ட் இருந்தது. சாப்பாட்டுத் தட்டு அகலம். மீனின் செவுளைப் போல மூன்று வரிக் கீற்று.

"இதைய பானட்டுல பதிக்கோணும். என்ஜின்ல டர்போதான் சூடு சாஸ்தி. அது இருக்கற பக்கம் மட்டும் ஒன்னு. உள்ள சூடு தங்காம மேல போயிரும்."

"எங்கூட்டுச் சமையக்கட்டுக்கும் ஒன்னு வாங்கிக் குடுங்க தம்பி. நானும் நாலு சுத்துக்கே கொதிச்சுப் போறேன்" என்று சிரித்தாள் சௌமியா.

கவின் சிரிக்கவில்லை. அவள் மிஷினிலிருந்த சாக்குக்கட்டியை எடுத்துக்கொண்டு, "எந்த எடமுன்னு ஒரு கோடு போட்டு வெச்சறலாமுங்களா?" என்று பானட் பக்கம் குனிந்தாள். அவன் அவள் கையைத் தட்டிவிட்டான். சாக்குக்கட்டி பறந்து தகரத்தில் பட்டு உடைந்தது.

"பெயிண்ட் மேல எதையும் வெக்காதீங்க! கீறல் உழுந்தா யாருங்க பதில் சொல்றது?"

புறங்கை சுரீரென்றது. உடைந்த துண்டுகளைப் பொறுக்கினாள். பெரிய வீட்டுப் பையன், வெயில் நேரம், பசியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். கவின் அங்கேயே நின்று மணிமாறனுக்குப் போன் போட்டான்.

"அண்ணா, வண்டிய உட்டுட்டேன். டர்போ வடக்கால இருக்குது. வடக்கால பக்கம் ஒன்னே ஒன்னு. தெக்கால தொட்டறாதீங்க. ஆமாண்ணா, வடக்கால. இது அலுமினிய பானட், இந்த நாட்டுல கெடைக்காது பாத்துக்கங்க. உங்க கையி சுத்தமா வெட்டுமுன்னு சொன்னாங்க, அதாங் கொண்டாந்தேன்."

இந்தப் பக்கத்தில் இடது வலது என்று சொல்கிறவர்கள் குறைவு. சொம்பு கிழக்கால இருக்குது என்பார்கள். கட்டிலில் படுத்திருப்பவனைக்கூட மேக்கால நகர்ந்து படு என்பார்கள். லாரியில் ஆணி அடிக்கும்போதும் அப்படித்தான். பாடி கட்டி முடிகிற வரைக்கும் லாரி நின்ற இடத்தைவிட்டு அசையாது. அதனால் அந்தப் பேச்சில் இதுவரை எந்தப் பிசகும் வந்ததில்லை.

சாவியை மிஷின் மேல் வைத்துவிட்டு அவன் பின்னாலேயே வந்த ஈஸ்வரின் பைக்கில் ஏறிப் போனான். ஈஸ்வர் அவனுடைய கூட்டாளி.

மூன்று மணிக்கு வெயில் வாசல் வழியாக உள்ளே இறங்கியது. பங்குனி வெயில். தைத்துக்கொண்டிருந்த சௌமியா நிமிர்ந்து பார்த்தபோது கார் முகத்தைக் காட்டிக்கொண்டு நேராக வெயிலை வாங்கியபடி நின்றது. எழுந்து போய்க் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். சிவப்புத் தோல் சீட். நல்ல தையல். தையலின் ஓரத்தில் தோல் லேசாக வறண்டு சுருங்கத் தொடங்கியிருந்தது. பதினைந்து வருஷமாக சீட் தைக்கிறவளுக்கு அது போதும்.

பக்கத்துக் கொட்டகையில் தன் லாரிக்குக் கேபின் வேலை முடிவதற்காகக் காத்திருந்த டிரைவர் வெங்கடாசலத்தைக் கூப்பிட்டாள். அயோத்தியாப்பட்டணத்துக்காரர். ஐம்பது தாண்டினவர்.

"அண்ணா, சித்தெ இந்தக் காரைத் திருப்பி நிறுத்திக் குடுங்களேன். சீட்டு அத்தனையும் காஞ்சு வெடிச்சுப்போகும்."

"ஏம்மா, ஓட்டினவனுக்கு இல்லாத அக்கறை உனக்கு எதுக்கு?"

"அவரு பாக்கலீங்ண்ணா. பாத்திருந்தா அவரே திருப்பியிருப்பாரு. பாவம், ஆசைப்பட்டு வாங்குன வண்டி."

வெங்கடாசலம் காலை மடக்கிக் காருக்குள் நுழையவே இரண்டு நிமிஷம் ஆனது. "இதென்ன, தொட்டில் மாதிரி இருக்கு" என்று முனகிக்கொண்டே வெளியே எடுத்துத் திருப்பி, மூக்கு கிழக்கே சுவரைப் பார்க்கும்படி உள்ளே விட்டார். வெயில் இப்போது டிக்கியின் மேல் விழுந்தது. சௌமியா ஒரு பழைய படுதாவை எடுத்துப் பின்கண்ணாடியையும் மூடினாள். மனசுக்கு நிறைவாக இருந்தது. மணிமாறன் வருவதற்குள் அதை மறந்தும் போனாள். செய்த நல்லதைச் சொல்லிக்காட்டும் பழக்கம் அவளுக்குக் கிடையாது.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு மணிமாறன் வேலையைத் தொடங்கினான். பானட்டைத் தூக்கித் தாங்குகம்பி கொடுத்து உள்ளே பார்த்தான். என்ஜினைக் காணவில்லை. எல்லாவற்றையும் ஒரே கறுப்பு மூடி போட்டு மூடியிருந்தார்கள். டர்போ எந்தப் பக்கம் என்பதற்கு ஒரு அடையாளமும் இல்லை. அந்த மூடியைக் கழற்றச் சொல்லி அவனுக்கு உத்தரவு இல்லை. கவினுக்கு இரண்டு தடவை போன் அடித்தான். எடுக்கவில்லை.

"ஏ புள்ள, நேத்து அவரு எங்கிட்டப் போன்ல சொன்னப்ப நீ இங்கதான இருந்த? வடக்கால தான சொன்னாரு?"

மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. சௌமியா காலை எடுக்காமலே சொன்னாள்.

"வடக்காலன்னுதானுங் மாமா சொன்னாரு. மூனு தடவ சொன்னாரே."

அவள் சொன்னது உண்மை. அவன் கேட்டதும் சரி. கார் அப்போது எப்படி நின்றது என்பது மட்டும் அவன் பார்க்காதது. அவள் பார்த்தது, ஆனால் யோசிக்காதது.

பானட்டை மூடி, மேல் பரப்பு முழுக்க டேப் ஒட்டினான். வென்ட்டோடு வந்த காகித அளவை வடக்குப் பக்கம் வைத்து, நடுக்கோட்டிலிருந்தும் கண்ணாடியிலிருந்தும் மூன்று முறை அளந்து, பென்சிலால் வரைந்தான். டேப்பின் மேல்தான் வரைந்தான். டிரில்லைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மூலைக்கு ஒன்றாக நாலு துளை போட்டான். பிறகு பானட்டைத் திறந்து கம்பி கொடுத்து, ஜிக்சாவின் பிளேடில் மண்ணெண்ணெய் தொட்டுவிட்டு உள்ளே இறக்கினான். அலுமினியம் இரும்பைப் போல முழங்காது. வீல் என்று அழும். தூள் சூட்டோடு வந்து கையிலும் கழுத்திலும் ஒட்டியது. அடிச்சட்டத்தின் ஒரு விலாவையும் அறுக்க வேண்டியிருந்தது. வெட்டின துண்டு உள்ளே விழுந்து கறுப்பு மூடியில் கீறல் போடாதபடி இடது கையைக் கீழே கொடுத்துத் தாங்கிக்கொண்டான். உள்ளங்கையில் ஒரு கோடு கிழித்தது. துணியைச் சுற்றிக்கொண்டு அரத்தால் விளிம்பைத் தேய்த்தான்.

ஒன்பதரைக்குச் சௌமியா அரிசிம்பருப்புச் சோற்றில் நெய் விட்டுக் கொண்டுவந்தாள். ஓட்டையில் வென்ட்டை உட்கார வைத்துக் காட்டினான்.

"சந்துல நகக்கண்ணு போகுதா பாரு."

"போகலீங் மாமா."

"இனி ரிவிட்டு மட்டும் அடிச்சாப் போதும். தம்பி வந்து பாத்துட்டு அடிச்சுக்கலாம்." தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு அந்தக் கறுப்புச் செவுளையே பார்த்தபடி தின்றான். லாரிக்கு ஆயிரம் தகடு வெட்டினவன். இப்படி ஒரு வெட்டு அவனுக்கே புதிதாக இருந்தது.

பதினோரு மணிக்குக் கவினும் ஈஸ்வரும் வந்தார்கள்.

கவின் வாசலிலேயே நின்றுவிட்டான். காரைப் பார்த்தான். வென்ட்டைப் பார்த்தான். கிட்டே வந்து, ஒரு விரலால் அதன் விளிம்பைத் தொட்டான்.

"என்னண்ணா இது?"

"எப்பிடி உக்காந்திருக்குது பாருங்க தம்பி" என்றான் மணிமாறன், துணியில் கையைத் துடைத்துக்கொண்டே. "ஒரு நூலு பிசகல."

"எந்தப் பக்கம் போடச் சொன்னேன்?"

"வடக்காலதானுங்க. நீங்க சொன்னாப்பலதான்."

ஈஸ்வர் சிரித்துவிட்டான். "போச்சுடா மாப்ள. டர்போ அக்கட்ட, ஓட்டை இக்கட்ட. இந்த ஞாயித்துக்கெழமையும் உனக்கு வீடியோதான்."

அந்தச் சிரிப்பு இல்லாமல் இருந்திருந்தால் என்று பிறகு பலரும் சொன்னார்கள். கவின் திரும்பி, மணிமாறனின் கன்னத்தில் அறைந்தான்.

"எதுடா வடக்கு?"

நாற்பத்திரண்டு வயது மனிதன். சோறு தின்ற வாய் இன்னும் காயவில்லை. மணிமாறன் கன்னத்தைக்கூடத் தொடவில்லை. கையை நீட்டி, "இதானுங்க தம்பி வடக்கு" என்று நாமக்கல் பக்கம் காட்டினான். அது சரியான வடக்குத்தான். அது கவினுக்கு எகத்தாளமாகப் பட்டது. இன்னொரு அறை. பிறகு நெஞ்சில் ஒரு உதை. மணிமாறன் பின்னால் சரிந்து பெயிண்ட் டப்பாக்களோடு விழுந்தான்.

"ஐயோ, தம்பி! ஏனுங்க தம்பி!" என்று சௌமியா மிஷினைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தாள்.

"நீ தள்ளு! எங்கிட்டயே வடக்கு காட்டுறான் பாரு. எந்திரிடா. எந்திரிச்சு வந்து பாரு எங்க இருக்குதுன்னு."

சட்டையைப் பிடித்துத் தூக்கிக் காரின் முன்னால் இழுத்துவந்தான். வென்ட் நழுவி விழ பானட்டைத் திறந்து கம்பியைக் கொடுத்து, கறுப்பு மூடியைப் பிடுங்கி எறிந்தான். தெற்குப் பக்கம், நத்தையைப் போல சுருண்டு, சூட்டில் நீலம் பாய்ந்து டர்போ உட்கார்ந்திருந்தது.

"பாருடா. கண்ணத் தொறந்து பாரு."

மணிமாறன் பார்த்தான். உண்மையாகவே அவனுக்குப் புரியவில்லை. தன் வேலை எங்கே தப்பியது என்று தெரிந்துகொள்ளும் ஆவலில், அடி வாங்கினதைக்கூட மறந்து, முன்விளிம்பில் வலது கையை ஊன்றிக் குனிந்தான். "நீங்க வடக்காலன்னு சொன்னது..." என்று கையை எடுக்காமலே நிமிர்ந்து கவினைப் பார்த்துத் தொடங்கினான்.

கவின் தாங்குகம்பியைத் தட்டிவிட்டான். பானட் தானாக விழவில்லை. இரண்டு கையாலும் பிடித்து அறைந்து சாத்தினான். சாத்திவிட்டு அதன்மேல் முழங்கையை ஊன்றி அமுக்கினான்.

மணிமாறன் கத்தின கத்து அந்த வரிசை முழுக்கக் கேட்டது. பாடி பட்டறைகளில் சுத்தியல் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது.

கோபத்துக்கும் கைக்கும் நடுவே ஆண்டவன் ஒரு மூச்சு இடம் விட்டிருக்கிறான். ஒரு கேள்வி கேட்க அது போதும். கவின் கேட்கவில்லை. சௌமியா அவன் முதுகில் ஏறி, கழுத்தைப் பிடித்து இழுத்து, தோளைக் கடித்த பிறகுதான் அவன் நகர்ந்தான். அவள் பானட்டைத் தூக்கினாள். மணிமாறன் அப்படியே தரையில் உட்கார்ந்தான். நடுவிரலும் மோதிர விரலும் விரலாக இல்லை. மஞ்சள் பெயிண்டின் மேல் ரத்தம் ஓடி, அவன் அரம் போட்டு நேராக்கின ஓட்டையின் விளிம்பில் தேங்கிச் சொட்டியது.

ஈஸ்வர் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கவின் ஓடவில்லை. ஓட வேண்டும் என்று தோன்றுவதற்கு முன்னால் ஆட்கள் வந்துவிட்டார்கள். பத்து பன்னிரண்டு பேர், சுத்தியலும் கம்பியுமாக. முதல் அடி வெங்கடாசலத்துடையது. வீல் ஸ்பேனரால் தொடையில் போட்டார். கவின் மடங்கி விழுந்தான். விழுந்தவனை உதைத்தார்கள். மூக்கு உடைந்தது. ஒரு பல் தரையில் கிடந்தது.

"காசு இருந்தா கைய ஒடைப்பியாடா? கைய?"

"போதுமுங்க, உட்ருங்க" என்றான் கவின். யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமல் மண்ணைப் பார்த்துச் சொன்னான்.

"விடுறதா? தூக்குங்கடா இவனை. இவன் கையை அதே எடத்துல வை" என்றார் வெங்கடாசலம்.

நாலு பேர் அவனைத் தூக்கிக் காரின்மேல் சாய்த்து, வலது கையை இழுத்து முன்விளிம்பில் வைத்து மணிக்கட்டில் அழுத்திக்கொண்டார்கள். வெங்கடாசலம் மணிமாறனைப் பார்த்தார்.

"மணி, நீயே சாத்து. ஒன் கையால சாத்து. அப்பதான் கணக்கு சரியாகும்."

மணிமாறன் எழுந்தான். சௌமியா அவன் விரல்களில் சுற்றிக்கொண்டிருந்த முந்தானை உருவிக்கொண்டு வந்தது. நசுங்கின கையைப் பிடித்துக்கொண்டிருந்ததில் இடது உள்ளங்கை முழுக்க ரத்தம். அந்தக் கையால் பானட்டின் விளிம்பைப் பிடித்து மேலே தூக்கினான். அவன் முகத்தில் அழுகையும் இல்லை, வலியும் இல்லை. வேலை செய்யும்போது இருக்கிற முகம்தான் இருந்தது. அதைப் பார்த்துத்தான் சௌமியா பயந்தாள். இறக்கிவிட்டால் இவன் ஜெயிலுக்குப் போவான். அதைவிட, இறக்கினவனாகவே மிச்ச நாளெல்லாம் அவளோடு உட்கார்ந்து சோறு தின்பான்.

"வேண்டாமுங் மாமா. உட்ருங்க. நம்ம கைல வேண்டாம்."

"தள்ளிப் போ."

"மாமா, அவரு..."

அப்போதுதான் அவள் கண் காரின் பின்னால் போனது. பின்கண்ணாடியின் மேல் அவள் போட்ட படுதா இன்னும் கிடந்தது. அவள் தரையைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள், சுவரைப் பார்த்து நிற்கும் காரின் மூக்கைப் பார்த்தாள். 

"மாமா! வண்டியத் திருப்புனது நானு!"

யாருக்கும் புரியவில்லை.

"நேத்து அவரு உட்டப்ப மேக்க பாத்து நின்னுச்சு. வெயிலு அடிக்குது, சீட்டு காயுதுன்னு நாந்தான் இந்த அண்ணங்கிட்டச் சொல்லித் திருப்ப வெச்சேன். அவரு வடக்காலன்னு சொன்னது அப்ப சரி. இப்ப அது தெக்கால வந்துருச்சு. நீங்களும் சரியாத்தான் வெட்டியிருக்கீங்க. யாரும் பொய் சொல்லலீங் மாமா. நாந்தான் சொல்ல மறந்துபோட்டேன்."

வெங்கடாசலத்தின் வாய் திறந்தது. ஸ்பேனர் இருந்த கை கீழே தொங்கியது. நேற்று தொட்டில் மாதிரி இருக்கிறது என்று சொன்ன சீட்டைக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். "ஆமா மணி" என்றார் மெதுவாக. "நான்தான் திருப்பினேன்."

மணிமாறன் பானட்டை விட்டான். வெங்கடாசலம் பாய்ந்து இரண்டு கையாலும் அதைத் தாங்கிப் பிடித்தார். இல்லையென்றால் கவினின் கை போயிருக்கும். மணிமாறன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு அடி வைத்து வந்து சௌமியாவை அறைந்தான்.

கவினை அடிக்கத் தூக்கின அத்தனை பலமும் அந்த அடியில் இருந்தது. அவள் தையல் மிஷினின் மேல் போய் மோதி, அதன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வலது கன்னத்தில் ஐந்து விரலும் ரத்தமாகப் பதிந்திருந்தது.

 கவினைப் பிடித்திருந்த கைகள் தாமாகவே விலகின. இந்தக் கொட்டகையில் காலையிலிருந்து அடி விழுந்தது மூன்று பேர் மேல். அதில் யாருக்குமே கெடுதல் நினைக்காத ஒருத்தியின் மேல்தான் கடைசி அடி விழுந்திருக்கிறது. அது எல்லோருக்கும் தெரிந்தது. அடித்தவனுக்கு முதலில் தெரிந்தது. அவன் தன் இடது கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே நின்றான்.

சௌமியாதான் முதலில் அசைந்தாள். எழுந்து வந்து, முந்தானையை மறுபடியும் அவன் விரல்களில் சுற்றத் தொடங்கினாள். ஜூஸ் கடைக்காரர் ஐஸ் பெட்டியை உடைத்து ஒரு பாலித்தீன் பையில் கட்டியாக அள்ளிக்கொண்டு வந்தார்.

"ஆம்புலன்ஸுக்கு அடிச்சிருக்குது. வர இருவது நிமிசமாகுமாம்" என்றான் யாரோ.

"ஏறுங்கண்ணா" என்றான் கவின். உடைந்த வாயால் சொன்னதால் சரியாகக் கேட்கவில்லை. மறுபடி சொன்னான். "இதுல ஏறுங்க. நான் கொண்டுபோறேன்."

"ஓடிப்போகப் பாக்குறான்" என்றது ஒரு குரல்.

"ஓடுனா ஓடட்டும்" என்றாள் சௌமியா. "மொதல்ல ஆஸ்பத்திரி வரைக்கும் ஓடட்டும்."

முன்சீட்டில் மணிமாறன். பின்னால், குழந்தைகூட உட்கார முடியாத இடத்தில், அவள் காலை மடக்கிக்கொண்டு முன்னால் சாய்ந்து அவன் கையைத் தாங்கினாள். கவின் ஓட்டினான். நேர் ரோட்டில் அந்தக் கார் பறந்தது. ஆனால் வழியில் ஏழெட்டு வேகத்தடை உண்டு. ஒவ்வொன்றின் முன்னாலும் அவன் வேகத்தை முழுக்கக் குறைத்து, கட்டை வண்டியைப் போல ஒரு சக்கரமாக ஏற்றி, ஒரு சக்கரமாக இறக்கினான். ஏறி இறங்கும்போது ஒரு தடவை திரும்பி அந்தக் கையைப் பார்ப்பான். அவன் தொடை வீங்கிப்போயிருந்தது. பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் பல்லைக் கடித்தான். 

ஆஸ்பத்திரியில் நர்ஸ் காயத்தைக் கழுவிக் கட்டுப் போட்டு, ஆபரேஷன் தியேட்டர் ஒழிகிற வரைக்கும் பெஞ்சில் உட்கார வைத்தாள். "கையை நெஞ்சுக்கு மேல தூக்கிப் புடிச்சுக்கோங்க. இறக்குனா வீங்கிரும்." இரண்டு விரலும் இருக்குமா, இருந்தாலும் மடங்குமா என்று திறந்து பார்த்த பிறகுதான் டாக்டர் சொல்ல முடியும் என்றாள்.

நவநீதகிருஷ்ணன் வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. மகனின் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு மணிமாறனின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மணி, என்னமோ ஆகாத நேரம். பையன் சின்னவன். போலீஸ்காரம்மா வந்து கேப்பாங்க. கம்பி நழுவி பானட்டு தானா உழுந்துருச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடு. உங்க ஆளுங்க இவனை அடிச்சதையும் நாங்க பேசல. உன்ற கையி சரியாகிற வரைக்கும் நானாச்சு."

 அவர் சொன்னது மணிமாறனுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. அவன் பார்வை சௌமியாவின் கன்னத்தில் இருந்தது. ரத்தத்தைக் கழுவிவிட்டாள். விரல்களின் தடம் கழுவினாலும் போகாமல் சிவந்து தடித்திருந்தது. கண்ணின் கீழே நீலம் கட்டத் தொடங்கியிருந்தது.

ஏட்டம்மா கலைமணி நோட்டோடு வந்து எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பேரு மணிமாறனா? சொல்லுங்க. எப்படி ஆச்சு?"

"பானட்டுங்க..." என்று நவநீதகிருஷ்ணன் தொடங்கினார்.

"அவரைக் கேட்டேன்."

மணிமாறன் வாயைத் திறப்பதற்குள் சுவரோரம் நின்ற கவின் சொன்னான்.

"நாந்தானுங்க சாத்துனேன். தானா உழுவல. கைய வெச்சிருக்கறாருன்னு தெரிஞ்சே சாத்துனேன்."

"டேய்!" என்றார் அப்பா.

"வண்டிய எப்படி நிறுத்தியிருந்துச்சுன்னு கேக்காம அடிச்சுப்போட்டேங்க. அவரு மேல தப்பில்ல."

கலைமணி அவனை மேலும் கீழும் பார்த்தார். உடைந்த மூக்கையும் வாயையும் பார்த்தார். எழுதினார். "இதெல்லாம் யாரு போட்டதுன்னு அப்பறம் பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டு, பேனாவை நிறுத்தி, சௌமியாவைப் பார்த்தார்.

"இது என்னம்மா கன்னத்துல? இதையும் இவன்தான் பண்ணானா?"

சௌமியா தலையைக் குனிந்துகொண்டாள். கவின் நிமிரவில்லை. இல்லை என்று சொல்ல அவனுக்கு உரிமை இருந்தது. அவன் சொல்லவில்லை. பெண்ணைக் கை நீட்டினான் என்ற பழியையும் சேர்த்து வாங்கிக்கொள்ளத் தயாரானவன் போல நின்றான்.  கலைமணி அந்த மௌனத்தையே பதிலாக எடுத்துக்கொண்டு எழுதக் குனிந்தார். இன்னும் ஒரு விநாடி பேசாமல் இருந்தால் போதும். யாரும் கேட்கப்போவதில்லை.

"அது நானுங்க" என்றான் மணிமாறன்.

பேனா நின்றது.

"அவரு அடிக்கல. நாந்தான் அடிச்சேன். அவ ஒரு தப்பும் பண்ணலீங்க. வெயில்ல நிக்குதேன்னு ஒருத்தரு வண்டிய நெழலுக்குத் திருப்பியுட்டா. அதுக்கு அடிச்சேன்." அவனுக்கு மூச்சு வாங்கியது. "என்ற விரலு அவரு பண்ணுனது. அவ கன்னம் நான் பண்ணுனது. ரெண்டையும் எழுதிக்கோங்க."

கலைமணி உடனே எழுதவில்லை. சௌமியாவிடம் திரும்பினார்.

"நீ சொல்லும்மா. எழுதட்டுமா? புருஷன், விட்டுருங்கன்னு சொன்னா விட்டுர்றேன்."

சௌமியா வெகுநேரம் யோசிக்கவில்லை.

"எழுதிக்கோங்க மேடம்" என்றாள்.

மணிமாறன் தலையை ஆட்டினான். கலைமணி எழுதி முடித்து, தாளைத் திருப்பி, அவன் இடது கைப் பெருவிரலில் மை தடவி உருட்டி எடுத்தார். சௌமியா அழகாகத் தன் பெயரைக் கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு மறுபடியும் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கட்டுப் போட்ட கையை மணிக்கட்டில் பிடித்து, அவன் நெஞ்சுக்கு மேலே தூக்கினாள்.

தியேட்டர் ஒழிய ஒரு மணி நேரமாகும் என்றார்கள். காரிடாரில் ஆட்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள். கலைமணி கவினைக் கூட்டிக்கொண்டு போனார். நவநீதகிருஷ்ணன் பின்னாலேயே போனார். சௌமியாவின் வலது கை நடுங்கத் தொடங்கியது. இடது கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"கை வலிக்குதா புள்ள?" என்று கேட்டான் மணிமாறன்.

"வலிக்குது" என்றாள்.

இறக்கவில்லை.